புதிய மென்பொருளை ஊழியர்கள் கைக்கொள்ள எந்த வழி சிறந்தது? ஒரு பின்னலாடை நிறுவனத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கி, நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் வெளியே அனுப்பித் திரும்பப் பெற்று, கட்டிங் முதல் பேக்கிங் வரை தன் கூரையின் கீழேயே முடித்து அனுப்பும் நிறுவனம் அது. கணக்கு டேலியில் இருக்கிறது; சரக்கு இருப்பு ஸ்டோரில் உள்ள நீள நோட்டில் இருக்கிறது; ஆர்டர் விவரங்கள் மெர்ச்சண்டைசர்களின் (ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுப்பவர்களின்) எக்செல் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன; சம்பளத்துக்குத் தனியாக ஒரு பழைய மென்பொருள். இவை அனைத்தையும் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருளுக்குள் கொண்டுவருவது என்று முதலாளி முடிவெடுத்து, முன்பணமும் கொடுத்தாயிற்று. அதில் வேலை செய்யப்போகிறவர்கள் ஏறத்தாழ 60 பேர்.

மென்பொருள் விற்பவர் தரும் விலைப்புள்ளியில் உரிமக் கட்டணம், சர்வர், ஆண்டுப் பராமரிப்பு என்று பல வரிகள் இருக்கும். ஊழியர்களைப் பழக்குவதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'பயிற்சி – 2 நாள்'. அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொள்வதா, அல்லது வேறு வழிக்குப் பணமும் ஆள்நேரமும் ஒதுக்குவதா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி. இப்பகுதியின் மூன்று நிறுவனங்களில் இத்தகைய மாற்றத்தில் கணக்குப் பிரிவின் பொறுப்பாளராக நான் பங்கு பெற்றிருக்கிறேன். முதல் நிறுவனத்தில் அந்த ஒரு வரியை நம்பினோம். ஓராண்டுக்குள் மென்பொருளைக் கைவிட்டு நோட்டுக்கே திரும்பினோம். மற்ற இரண்டிலும் வேறு வழியில் சென்றோம். கீழே உள்ள ஒப்பீடு அந்த அனுபவத்திலிருந்து வருவது என்பதால், முற்றிலும் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நடைமுறையில் நம் முன் இருக்கும் வழிகள் நான்கு. விற்பவரின் பயிற்சியாளரை அழைத்து எல்லோருக்கும் வகுப்பு நடத்துவது முதல் வழி. வீடியோக்களையும் திரையிலேயே தோன்றும் வழிகாட்டிகளையும் கொடுத்து, அவரவர் வேகத்தில் கற்கச் சொல்வது இரண்டாவது. விற்பவரின் ஆளைச் சில வாரங்களுக்கு நம் அலுவலகத்திலேயே உட்கார வைப்பது மூன்றாவது. துறைக்கு ஒருவர் அல்லது இருவர் என்று நம் ஊழியர்களிலிருந்தே தேர்ந்தெடுத்து, அவர்களை முதலில் ஆழமாகப் பழக்கி, அவர்கள் வழியாக மற்றவர்களைப் பழக்குவது நான்காவது, ஈ.ஆர்.பி. வட்டாரத்தில் இவர்களைக் 'கீ யூசர்' என்பார்கள். இவற்றோடு, பழையதிலிருந்து புதியதற்கு எப்படித் தாண்டுவது என்ற கேள்வியும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், தாண்டும் முறை தவறாகிவிட்டால் ஊழியர்கள் அதற்குள் நிலைக்க மாட்டார்கள்.

எதைக் கொண்டு அளப்பது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டும் பயிற்சி நடந்தது என்பதற்கான சான்றுகளே தவிர, ஊழியர் மென்பொருளைக் கைக்கொண்டார் என்பதற்கான சான்றுகள் அல்ல.

காலை பத்தே முக்கால் மணி. சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு வண்டி வாசலில் நிற்கிறது. டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட்டால்தான் வண்டி கிளம்பும். மதிப்பு வரம்பைத் தாண்டிய சரக்கு என்றால், ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற போக்குவரத்துச் சீட்டும் வேண்டும். டெஸ்பாட்ச் மேசையில் இருக்கும் பெண் எல்லா விவரங்களையும் நிரப்பிச் சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் ஆங்கில வாக்கியம் வந்து நிற்கிறது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார். சூப்பர்வைசர் போனில் அழைத்து ஏன் தாமதம் என்று கேட்கிறார். அந்தப் பெண் இப்போது யாரிடம் கேட்பார், எத்தனை நிமிடத்தில் அவருக்கு விடை கிடைக்கும்? ஐந்து நிமிடத்தில் கிடைத்தால் அவர் அந்தத் திரையைக் கற்றுக்கொண்டுவிடுவார்; மறுநாள் அதே பிழை வந்தால் தானே சரிசெய்வார். ஒரு மணி நேரம் ஆகுமென்றால் மேசை இழுப்பறையிலிருந்து பழைய டி.சி. புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளை வைத்து எழுதிக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டியை அனுப்புவதுதான் அவருடைய வேலை. ஆனால் அந்தப் புத்தகம் இரண்டாம் முறை வெளியே வந்த நாளில் மென்பொருள் அந்த மேசையை இழந்துவிடுகிறது.

ஆகவே, முட்டி நிற்கும் ஊழியருக்கு எத்தனை நிமிடத்தில், அவருக்குப் புரியும் மொழியில், அவர் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய ஒருவரிடமிருந்து விடை கிடைக்கிறது என்பதையே நான் முதன்மை அளவுகோலாகக் கொள்கிறேன். செலவும் ஆள்நேரமும் அதற்கு அடுத்தபடிதான்.

வகுப்பு

60 பேருக்கு 2 நாள் வகுப்பு என்றால் 120 ஆள்நாள். விலைப்புள்ளியில் தெரியாத இந்தச் செலவு பல வேளைகளில் பயிற்சிக் கட்டணத்தைவிடப் பெரியது. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நழுவிப்போனது என்பது அவர் கண்டது. பொருளுள்ள விஷயங்கள் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், கணினியே இல்லாத ஹாலில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அடுத்தடுத்து ஓடும் நாற்பது திரைகள், ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவருக்குப் பொருளற்ற அசைகளிலிருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல. அவருக்குத் தேவையானவை மூன்றே மூன்று திரைகள்தான். மற்ற முப்பத்தேழையும் பார்த்த களைப்பில் அந்த மூன்றும் கலங்கிவிடுகின்றன. அதோடு, வகுப்பு நடந்த நாளுக்கும் மென்பொருள் உண்மையாக ஓடத் தொடங்கும் நாளுக்கும் இடையே மூன்று நான்கு வாரங்கள் கழிவது இங்கு வழக்கம். டேட்டா ஏற்றும் வேலை எப்போதும் தாமதமாகும்.

என் அளவுகோலின்படி வகுப்பின் நிலை தெளிவானது. வண்டி வாசலில் நிற்கும்போது பயிற்சியாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். அவருடைய உதவி எண்ணுக்கு அழைத்தால் டிக்கெட் எண் (புகார் எண்) ஒன்று வரும்.

எனினும் வகுப்பை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். அதற்குப் பொருத்தமான ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் போடும் பதிவு அடுத்தவரின் திரையில் என்னவாகத் தெரிகிறது என்பதை எல்லோரையும் ஒரே அறையில் வைத்துக் காட்டுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஸ்டோரில் ரோல் எடையைத் தவறாகப் போட்டால் கட்டிங்கில் என்ன குழப்பம் வரும், மெர்ச்சண்டைசர் எந்தத் தேதியைத் தவறவிடுவார், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு எதைத் தேடி அலையும் என்பதை அரை நாளில் காட்டிவிடலாம். ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது எளிது என்ற எண்ணத்தைவிட, அது தன் வேலைக்கு உதவும் என்ற எண்ணமே அதன் பயன்பாட்டோடு வலுவாகத் தொடர்புடையது என்று கண்டறிந்தார். நான் பார்த்ததும் அதுவே. 'எதற்காக' என்பது புரிந்த ஊழியர் கடினமான திரையையும் பொறுத்துக்கொள்கிறார். ஆகவே, அந்த 2 நாளை அரை நாளாகச் சுருக்கி, பொத்தான்களை விட்டுவிட்டுச் சரக்கும் காகிதமும் போகும் பாதையை மட்டும் காட்டச் சொல்வது நல்லது.

வீடியோவும் திரை வழிகாட்டியும்

வீடியோவின் பெரிய நன்மை, திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பது. பெரிய குறை, தேவைப்படும் நேரத்தில் யாரும் அதைத் தேடிப் பார்ப்பதில்லை என்பது. இருபது நிமிட வீடியோவில் தன் சிக்கலுக்கான விடை பதினான்காம் நிமிடத்தில் இருக்கிறது என்பது டெஸ்பாட்ச் மேசையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வேலைக்கு ஒரு வீடியோ என்று, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல், தமிழில் பேசி, நம் உண்மையான டி.சி.யையே காட்டிப் பதிவு செய்து, துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தால் அது பயன்படுகிறது. விற்பவர் தரும் பொதுவான ஆங்கில வீடியோக்கள் எனக்குத் தெரிந்து யாருக்கும் பயன்படவில்லை.

திரையின் மேலேயே 'அடுத்து இங்கே அழுத்தவும்' என்று காட்டிச் செல்லும் தனி மென்பொருள்களும் உள்ளன. பெங்களூரில் 2014இல் தொடங்கிய வாட்ஃபிக்ஸ், 2024இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கிய வாக்மீ ஆகியவை இத்துறையில் அறியப்பட்டவை. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பல ஊர்களில் பரவியிருக்கும் வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ இவை மிகவும் பொருத்தமானவை; பக்கத்து நாற்காலியில் கேட்க ஆளில்லாத இடத்தில் திரையே அந்த ஆளாகிறது. ஆனால், ஒரே வளாகத்தில் இருக்கும் 60 பேருக்கு அந்தச் செலவு தகாது. மென்பொருள் மாறும்போதெல்லாம் வழிகாட்டியையும் மாற்றி எழுத ஓர் ஆள் வேண்டும் என்பதும் கணக்கில் வராத செலவு. ஒவ்வொரு மேசையிலும் லேமினேட் செய்து ஒட்டிய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு அதே வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது.

விற்பவரின் ஆளை உட்கார வைப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரங்களுக்கு இது இன்றியமையாதது. அதற்குப் பின் தீங்கு. அவர் மென்பொருளை அறிந்தவர், ஆனால் நம் ஸ்டைல் எண்ணையும் (ஒவ்வோர் ஆடை வகைக்கும் நாம் இடும் எண்) சாயப்பட்டறைகளின் பழக்கத்தையும் அறியாதவர். நீண்ட நாள் இருந்தால் ஊழியர்களின் பதிவுகளை அவரே போட்டுக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். எல்லோருக்கும் நல்லவராகத் தோன்றுவார். அவர் போன மறுநாள் எல்லாம் நின்றுவிடும். ஒப்பந்தம் போடும்போதே அவருடைய நாட்களைப் பிரித்துக் கேட்பது நல்லது: தொடக்கத்தில் 10 நாள், முதல் மாதக் கணக்கு முடிக்கும்போது 3 நாள், முதல் ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்யும்போது 2 நாள் என்று.

நம்மவரிலிருந்தே ஒருவர்

முதல் நிறுவனத்தில் நடந்ததை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். கீ யூசர் முறையின் மதிப்பை நான் அந்தத் தோல்வியிலிருந்துதான் கற்றேன். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். இருபது ஆண்டு அனுபவம். சாயப்பட்டறையிலிருந்து வந்த ரோலின் முனையை விரலால் புரட்டிப் பார்த்தே இன்ன ஸ்டைலுக்குரிய துணி, இன்ன டயா (துணியின் சுற்றளவு), ஷேடு சற்று ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிய மென்பொருளின் உள்வரவுத் திரை நம்முடைய பிராசஸ் ஆர்டர் எண்ணைப் போட்டால்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும். சாயப்பட்டறையின் டி.சி.யிலோ, ஒவ்வொரு சாயத் தொகுதிக்கும் அவர்கள் இடும் லாட் எண் மட்டுமே இருக்கும். நம் ஆர்டர் எண்ணைத் தெரிந்துகொள்ள அவர் ஒவ்வொரு முறையும் மாடிக்குச் சென்று மெர்ச்சண்டைசரிடம் கேட்க வேண்டும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

மூன்றாம் நாள் அவர் நோட்டுக்குத் திரும்பினார். "இந்த லாட்டு எந்த ஸ்டைலுன்னு எனக்குத் தெரியுதுங்க, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியலைங்க" என்று சொன்னார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டோம். நோட்டைப் பார்த்து மாலையில் மொத்தமாகப் பதிவு போட ஒரு பையனை அமர்த்தினோம். ஆர்டர் எண் தெரியாத இடங்களில் அவன் தோராயமாக ஏதோ ஒன்றைப் போட்டான். இரண்டு மாதத்தில் திரையில் இருந்த இருப்புக்கும் ரேக்கில் இருந்த இருப்புக்கும் தொடர்பே இல்லாமல் போனது. கட்டிங் மாஸ்டர் திரையை நம்புவதை நிறுத்தினார். பிறகு மெர்ச்சண்டைசர்களும் நிறுத்தினர். பயிற்சிக் குறை என்று நாங்கள் பெயர் வைத்தது உண்மையில் திரையின் குறை. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே மனிதரை யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை.

இரண்டாம் நிறுவனத்தில், தொடங்குவதற்கு எட்டு வாரம் முன்பே ஸ்டோரில் உதவியாளராக இருந்த ஒரு பெண்ணைக் கீ யூசராக நியமித்தோம். மென்பொருளின் பயிற்சிப் பிரதியில் முந்தைய வாரத்தின் உண்மையான டி.சி.களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். முதல் நாள் மதியத்துக்குள் அதே ஆர்டர் எண் சிக்கலில் அவர் முட்டி நின்றார். விற்பவரிடம் சொல்லி, லாட் எண்ணை வைத்தே உள்வரவு போடவும், ஆர்டர் எண்ணைப் பின்னர் மெர்ச்சண்டைசர் தன் திரையிலிருந்து இணைக்கவும் மாற்றிக்கொண்டோம். தொடங்கிய நாளில் ஸ்டோரில் நோட்டு எடுக்கப்படவே இல்லை.

வகுப்பும் வீடியோவும் ஊழியரை மென்பொருளுக்கு ஏற்ப மாற்ற முயல்பவை. கீ யூசர் முறை மட்டுமே மென்பொருளையும் ஊழியருக்கு ஏற்ப மாற்றுவதற்கு வழி திறக்கிறது. முட்டி நிற்கும் நேரத்தை எடுத்துக்கொண்டாலும், கேட்கப்பட வேண்டியவர் நான்கு அடி தூரத்தில் இருக்கிறார். நம் மொழியில், நம் ஸ்டைல் எண்ணைச் சொல்லி விளக்குகிறார்.

ஆனால் இந்த முறை இலவசம் அல்ல. இலவசம் என்று நினைக்கும் இடங்களில் அது தோற்கிறது. கீ யூசராக நியமிக்கப்பட்டவரின் வழக்கமான வேலையில் பாதியையாவது எட்டு முதல் பத்து வாரங்களுக்கு வேறொருவர் ஏற்க வேண்டும். 'உன் வேலையோடு இதையும் பார்த்துக்கொள்' என்று சொன்னால் அவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்வார், அல்லது வேலையை விட்டுச் செல்வார். ஒரு ஈ.ஆர்.பி.யை முழுமையாக அறிந்தவருக்கு வெளியில் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்பதால், நன்றாகக் கற்ற பின் அவர் போய்விடும் ஆபத்தும் உண்டு. இதற்காகவே துறைக்கு இருவரைப் பழக்க வேண்டும். அந்த மாதங்களுக்குத் தனிப்படியாக ஒரு தொகை கொடுப்பதும் நியாயம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கணினியில் கெட்டிக்காரரான இளைஞரையே எல்லோரும் தேடுகிறார்கள். அதைவிட, சந்தேகம் வந்தால் மற்றவர்கள் ஏற்கெனவே யாரிடம் போய்க் கேட்கிறார்களோ அவரே பொருத்தமானவர். அவருக்குக் கணினிப் பழக்கம் குறைவாக இருந்தாலும் எட்டு வாரத்தில் அதை ஈடுகட்டலாம். அவர் மீது மற்றவர்களுக்கு உள்ள நம்பிக்கையை எட்டு வாரத்தில் உருவாக்க முடியாது. வயதும் மரியாதையும் இங்கே சிறிய விஷயங்கள் அல்ல. இருபது ஆண்டு ஸ்டோர் பார்த்தவர், நேற்று வந்த பெண்ணிடம் போய் எனக்குத் தெரியவில்லை என்று கேட்கத் தயங்குவார். இரண்டாம் நிறுவனத்தில் துணிவகை, ஷேடு, டயா ஆகியவற்றுக்கான குறியீட்டுப் பட்டியலை முடிவு செய்யும் பொறுப்பை ஸ்டோரில் மூத்தவரிடம் கொடுத்தோம். அந்தப் பெண் ஒவ்வொரு குறியீட்டுக்கும் "அண்ணா, இது சரிங்களா?" என்று அவரிடம் கேட்டே பதிவு செய்தார். பிறகு திரையில் அவருக்குச் சந்தேகம் வந்தபோது அவர் அந்தப் பெண்ணிடம் கேட்பதும் இயல்பாகிவிட்டது.

பயப்படாமல் தவறு செய்ய ஓர் இடம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் பயிற்சிப் பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும். இது பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று மிகவும் அவசியம். முன்பெல்லாம் தவறான பதிவை அழித்துவிட்டு வேறு போடலாம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியுடன் பதிவாக வேண்டும். அந்தத் தடத்தை நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். விற்பனை பில்லை அரசுத் தளத்தில் பதிவேற்றும் இ-இன்வாய்ஸ் முறையோ இன்னும் கண்டிப்பானது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கிய அக்கட்டாயம், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை இறங்கிவிட்டது. தளத்தில் ஏற்றிய இன்வாய்ஸை அங்கே திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதே எண்ணை மீண்டும் பயன்படுத்த முடியாது. அந்த நேரம் கடந்தால் கிரெடிட் நோட்தான் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் தனிச் சீட்டு) போட வேண்டும்.

இது தெரிந்த பில்லிங் ஊழியரின் கை நடுங்குவது இயல்பு. புதிய திரைமீது ஊழியர்களுக்கு உள்ள பயத்தை மாற்றத்தை விரும்பாத மனம் என்று பல மேலாளர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பயத்தில் பெரும்பகுதி நியாயமானது. தவறின் விலை உண்மையிலேயே ஏறியிருக்கிறது. பயிற்சிப் பிரதியின் திரை நிறத்தை வேறாக வைத்து, 'இங்கே என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது' என்று சொல்லி, வேண்டுமென்றே தவறான இன்வாய்ஸ் போட்டு ரத்து செய்யவும், கிரெடிட் நோட் போடவும் பழக்க வேண்டும். சரியாகச் செய்வதைக் கற்பிப்பதைவிடத் தவறிலிருந்து மீள்வதைக் கற்பிப்பது அவர்களுக்கு அதிகத் துணிவைத் தருகிறது.

ஒரே நாளிலா, துறைதுறையாகவா, இரண்டையும் சேர்த்தா?

ஒரே நாளில் எல்லாத் துறையும் மாறுவது செலவில் குறைந்தது. இரண்டு முறைகளுக்கும் இடையே தற்காலிகப் பாலங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்று 60 பேரும் ஒரே நேரத்தில் முட்டி நிற்பார்கள். விடை சொல்ல இருப்பவர்கள் சிலர் மட்டுமே. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை 1999 ஜூலையில் ஒன்றாக இயக்கத் தொடங்கியது. ஏப்ரலில் முடிய வேண்டிய வேலை தள்ளிப்போய், ஹாலோவீனுக்கான ஆர்டர்கள் குவியும் பருவத்தின் வாசலில் வந்து நின்றது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்பிலான ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. நம் ஊரில் இதற்கு இணையான தவறு, ஷிப்மென்ட் நெருக்கும் மாதத்திலோ, தீபாவளி போனஸ் கணக்கு போடும் மாதத்திலோ மாறுவது. நிதியாண்டு தொடக்கம் என்பதற்காக எல்லோரும் விரும்பும் ஏப்ரல் 1கூட, பழைய ஆண்டின் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும் கணக்குப் பிரிவினருக்கு நல்ல நாள் அல்ல.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருளின் கதை இன்னும் நேரடியானது. 2016 பிப்ரவரியில் தொடங்கிய அது, ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களுக்குக் குறைவாகவும், கூடுதலாகவும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமலும் சம்பளம் கொடுத்தது. ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டம் கைவிடப்பட்டது என்பதையும் தலைமைத் தணிக்கையாளரின் 2018 அறிக்கை சுட்டிக்காட்டியது. அதற்கு முன்பே பல்வேறு துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர்களின் பணியிடங்கள் நீக்கப்பட்டு, மிராமிச்சி என்ற ஊரில் அமைந்த மையத்துக்குப் பெரும்பாலும் புதியவர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு துறையின் விதிவிலக்குகளையும் தலையில் வைத்திருந்தவர்கள் முதலில் போனார்கள். மென்பொருள் பிறகு வந்தது. மென்பொருள் வந்தால் ஆளைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடும் நம் முதலாளிகள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

பழையதையும் புதியதையும் ஒருசேர ஓட்டுவது பாதுகாப்பானது என்று தணிக்கையாளர்கள் விரும்புவார்கள். எல்லாத் துறைக்கும் அதைச் செய்வதை நான் எதிர்க்கிறேன். ஒரே பதிவை இரண்டு முறை போடச் சொல்லப்பட்ட ஊழியர், நேரம் போதாதபோது பழையதை முதலில் போடுவார். புதியது மாலைக்குத் தள்ளிப்போகும். வித்தியாசம் வந்தால் பழையதே சரி என்று வைத்துக்கொள்வார்கள். ஊழியர் புதியதை ஒருநாளும் நம்பிப் பழகுவதில்லை.

சம்பளம் மட்டும் இதற்கு விலக்கு. சனிக்கிழமை கூலி, ஒன்றரை ஷிப்டு, பீஸ் ரேட், முன்பணப் பிடித்தம், பி.எஃப். என்று எண்ணற்ற விதிகள் அதில் உண்டு. ஒரு தொழிலாளிக்கு நூறு ரூபாய் குறைந்தாலும் அந்தத் தவறு அவர் வீட்டைத் தொடும். நான்கு சனிக்கிழமைகளுக்கு இரண்டிலும் போட்டு, ஒவ்வொரு ஆளின் தொகையும் ஒத்துவந்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும்.

என் தெரிவு

மேலே சொன்ன நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். பயிற்சிக்கான பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கைத் துறைக்கு இருவர் என்ற கீ யூசர் முறைக்கு ஒதுக்க வேண்டும். எல்லோருக்குமான வகுப்பு அரை நாள் போதும். விற்பவரின் ஆள் மேலே சொன்ன 15 நாட்களுக்கு மேல் வேண்டாம். சிறு வீடியோக்களையும் மேசைக் குறிப்புகளையும் கீ யூசர்களே தயாரிக்க வேண்டும். அவற்றைத் தயாரிப்பதிலேயே அவர்களுடைய கற்றல் முழுமையடைகிறது. மாற்றம் ஸ்டோரில் தொடங்க வேண்டும், கணக்கில் அல்ல. ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்கு) அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்ப வந்ததைக் காட்ட வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதி முதல் கட்டிங் திட்டம் வரை எல்லாமே ஸ்டோருக்குள் வருவதையும் அங்கிருந்து போவதையும் சார்ந்தே நிற்கின்றன. அடித்தளம் நிலைத்த பிறகு மற்ற துறைகளை ஆறு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம்.

சூழல் மாறினால் தெரிவும் மாறும். திரையில் வேலை செய்பவர்கள் பத்துப் பேருக்குக் குறைவு என்றால் கீ யூசர் என்ற ஏற்பாடு மிகை. விற்பவரின் ஆளை மூன்று வாரம் வைத்துக்கொண்டு எல்லோரும் நேரடியாகக் கற்கலாம். கிளைகள் பல ஊர்களில் இருந்தால் வீடியோவுக்கும் திரை வழிகாட்டிக்கும் முதலிடம் தர வேண்டும். ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடங்களில், புதிதாக வருபவரைப் பழக்க மேசைக் குறிப்புகளே முதன்மையான கருவி.

பழைய மென்பொருளையும் நோட்டையும் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, தேதியை அறிவித்துவிட வேண்டும். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கும், ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுப் படிவத்தின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்கும் பாதுகாக்க வேண்டியிருப்பதால், பழையதை அழிக்க முடியாது. ஆனால் அதில் புதிய பதிவு போடும் அனுமதியைக் குறித்த நாளில் எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடலாம், எடுத்துவிட வேண்டும். இரண்டாம் நிறுவனத்தில் அந்த நாள் வந்தபோது ஸ்டோரின் மூத்தவர் தன் நீள நோட்டுகளைக் கட்டி ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார். நடப்பு நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுத அல்ல, பழைய லாட் எண்ணைப் பார்க்க என்றார். சரி என்றோம். அடுத்த ஸ்டாக் கணக்கெடுப்பின்போது அந்த நோட்டு ரேக்கின் மேல்தட்டில், கடைசியாக எழுதிய பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டபடியே இருந்தது.